தாளின் அடியில் இரண்டு விரல் இடம்

என் தங்கை வீட்டு அடுப்பின் கண்ணாடியில் ஒரு குழி இருக்கிறது. உளுத்தம்பருப்பு அளவு. இடது பக்கம், முன்வரிசைப் பெரிய வட்டத்தின் ஓரத்தில். வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். கேட்பவர்களிடம், சர்க்கரைப் பாகு கொட்டிவிட்டது என்று அவள் சொல்கிறாள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியை நான் எழுத வேண்டியிருக்கிறது.

திருத்தணியில் நைனா கட்டிய வீட்டில் கீழே நான் இருக்கிறேன். மேலே தங்கையும் அவள் கணவரும். நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தாறு வருடம் மின்சார ரயிலில் போய் வந்தேன். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்துவதும், இடத்துக்குத் தக்கபடி வெட்டுவதும் என் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்கு ரயில்வேயில் வேலை பார்க்கும் கணவர், துபாயில் வேலை பார்க்கும் மகள். இதற்காகவெல்லாம் அவள்மேல் நான் பொறாமைப்பட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு காஸ் அடுப்பிலிருந்து பால் இறக்கும்போது அவள் முந்தானை பற்றிக்கொண்டது. இடது முழங்கைக்குக் கீழே தோல் இன்றும் சுருங்கித்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவளால் ஒரு தீக்குச்சி கிழிக்க முடியவில்லை. லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டால் வலது கை தானாகப் போய் இடது கையைப் பிடித்துக்கொள்ளும். நான் சமைக்கும்போது என் சமையலறை வாசலுக்கு வெளியே நான்கடி தள்ளி நின்றுதான் பேசுவாள். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். வீட்டுப் பாத்திரம் பாதி அதற்கு ஒத்துவரவில்லை, வோல்டேஜ் குறைந்தால் கத்திக்கொண்டே அணைந்துபோகும். ஆகவே இரண்டு வீட்டுக்கும் நான் சமைத்தேன்.

காலை ஏழரைக்குக் கேரியர் எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். திரும்பப் படியேறும்போது நடுப்படியில் நின்று, "நேத்து சாம்பார்ல உப்பு கம்மிக்கா" என்பாள். "அப்ப வந்து நீயே போட்டுக்கோ" என்பேன். அவளால் வர முடியாது என்று தெரிந்தே சொல்வேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

போன அக்டோபரில் அந்த அடுப்பு வந்தது. மகள் வாங்கி அனுப்பியது. நான்கு ஆட்கள் பதினெட்டு படி தூக்கி ஏற்றினார்கள். மேலே கறுப்புக் கண்ணாடி, அதில் வரைந்த மாதிரி நான்கு வட்டங்கள். கீழே கதவு வைத்த ஓவன். தீ கிடையாது. குமிழைத் திருப்பினால் வட்டம் சிவக்கும். அணைத்த பிறகும் கண்ணாடி ஆறுகிற வரைக்கும் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

லைன் இழுக்க வந்த எலக்ட்ரீசியன் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"அடுப்பாக்கா இது? ஏரோப்ளேன் கணக்கா கீது. பழைய ஒயர்ல போட்டா ஊடே சூடாயிடும். தனி லைன், தனி மெயின் சுவிட்ச். எர்த்தும் புதுசா போடணும். எர்த்து இல்லாம தொட்டா, இது அடுப்பு இல்ல, எமன்."

எர்த்துக் குழியைக் கீழே, என் குளியலறைச் சுவரை ஒட்டித் தோண்டினார். கரியும் உப்பும் போட்டு மூடினார். "வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. காய்ஞ்சுபோச்சுன்னா எர்த்து வேலை செய்யாது."

"யாரு ஊத்தறது?" என்றாள் தங்கை.

"குழி யார் ஊட்டாண்ட கீதோ அவங்கதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் அவள் கேரியர் இல்லாமல் இறங்கி வந்தாள். கையில் ஒரு டம்ளர். ஏழு வருடத்தில் முதல் தடவையாக என் தங்கை எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நான் குடிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபி நன்றாக இருந்தது. "சர்க்கரை ஜாஸ்தி" என்றேன்.

கேரியர் என் சமையலறை ஆணியில் தொங்க ஆரம்பித்தது. பார்க்க வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டி மேலே போனார்கள். சர்ச்சிலிருந்து வந்தார்கள், எதிர்வீட்டிலிருந்து வந்தார்கள். மணவூரிலிருந்து எங்கள் சித்தி ரயிலேறி வந்து, என் வாசலில் செருப்பை மட்டும் விட்டுவிட்டு, "அடுப்பைப் பாத்துட்டு வந்துடறேன்டி" என்று ஏறிப்போனவள், சாயங்காலம்தான் இறங்கினாள். நான் அவளுக்காக மீன் குழம்பு வைத்திருந்தேன். "வயித்துல இடமில்ல. சின்னவ பிரியாணி பண்ணிட்டா" என்றாள்.

அடுப்போடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. வேறு மூன்று மொழிகளிலும் இருந்தது, தமிழில் இல்லை. "நீ தமிழ்ல எழுதிக் குடேன்க்கா. பேப்பர்ல போடற மாதிரி, எனக்குப் புரியற மாதிரி" என்றாள். அதை நான் முறையாகவே செய்தேன். ஒரு வரிக்கு ஒரு விஷயம். ஈரக் கையால் குமிழைத் தொடாதே. அடி தட்டையான பாத்திரம் வை. வட்டத்தைவிடப் பெரிதாக வேண்டாம். பாத்திரத்தை இழுக்காதே, தூக்கி வை. கைப்பிடியை உள்பக்கம் திருப்பு. அணைத்த அடுப்பாக இருந்தாலும் கண்ணாடிமேல் துணி, பிளாஸ்டிக் மூடி வைக்காதே. ஓவனை அலமாரியாக்காதே. ஓவனுக்குள் தீப்பிடித்தால் கதவைத் திறக்காதே, மெயினை அணை. சிவப்பு விளக்கு அணைந்த பிறகு, பிழிந்த துணியால் துடை. கம்பி நார் கூடாது. கண்ணாடியில் கீறல் விட்டால் அந்த நிமிடமே மெயினை அணை. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் தொடாதே, கீறல் வழியாக ஈரம் இறங்கினால் ஷாக் அடிக்கும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் அடுப்பின்மேல் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவது வழக்கம். அந்தப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு அப்படி ஒருத்தி இருப்பாள் என்று தோன்றியிருக்காது. "தண்ணீர் ஊற்றிக் கழுவாதே" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பிறகு அந்த வரி வந்தது. புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. சர்க்கரை கலந்த எதுவும் கண்ணாடியில் கொட்டினால் ஆறட்டும் என்று விடக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, சூட்டோடு சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆறி இறுகினால் பாகு கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இரண்டு முறை படித்தேன். மேலே சித்தி அன்றும் வந்திருந்தாள். அவள் குரல் ஜன்னல் வழியாக இறங்கியது: "உங்கக்கா சமையலைத் துன்னு துன்னு நாக்கே செத்துப்போச்சுடி உனக்கு. இது ருசி!" தங்கை சிரிப்பது கேட்டது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

யோசித்துத்தான் விட்டேன். கை சுடும் வரி எதையும் தொடவில்லை, ஷாக் அடிக்கும் வரி எதையும் தொடவில்லை. கண்ணாடி மட்டும்தான் கெடும். அந்தப் பளபளப்பு கொஞ்சம் குறையட்டும், அவ்வளவுதான். எழுதி முடித்தபோது தாளின் அடியில் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. பத்திரிகையில் ஒரு வரியை வெட்டினால், இடமில்லை என்று காரணம் சொல்வோம்.

அவள் அந்தத் தாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து அடுப்புக்கு மேலே மாட்டினாள். வருகிறவர்களிடம் அடுப்பைக் காட்டிவிட்டு அதையும் காட்டினாள். "எங்கக்கா எழுதினது. பேப்பர் ஆபீஸ்ல இருந்தவங்க. ஒரு தப்பு இருக்காது." நான் மேலே போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த இரண்டு விரல் இடத்துக்குத்தான் போனது.

கிறிஸ்மஸ் கேக் எங்கள் வீட்டில் எப்போதும் என் கைவேலை. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து வேகவிடுவேன். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கிப் பாகு காய்ச்சுவேன். இந்த டிசம்பரில் தங்கை, "இந்த வருஷம் நான் பண்றேன்க்கா, ஓவன் இருக்குல்ல" என்றாள். "பண்ணு" என்றேன்.

இருபத்து நான்காம் தேதி காலையில் கருகும் சர்க்கரையின் வாசனை படியில் இறங்கி வந்தது. கருகிய சர்க்கரையில் தண்ணீர் விட்டால் பொங்கும். பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டும். அதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. பத்து ஐம்பதுக்கு மாடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, பாகு பொங்கிக் கண்ணாடியெல்லாம் ஊத்திடுச்சு! பயப்படாத, நீ எழுதின மாதிரியே அணைச்சுட்டேன். சிவப்பு லைட்டு போனதும் தொடச்சுடறேன்."

பதினொன்று ஐந்துக்குத்தான் நான் படியேறினேன். நடுவில் இருந்த பதினைந்து நிமிடம் நான் செய்தது இவ்வளவுதான்: படித்து முடித்த நாளிதழை மடித்தேன். முந்திரியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான் போனபோது விளக்கு அணைந்திருந்தது. பாகு கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகியிருந்தது. அவள் தோசைக் கரண்டியால் ஓரத்தை நெம்பினாள். பெரும்பகுதி வந்துவிட்டது. கடைசித் துண்டு "டிக்" என்ற சத்தத்தோடு வந்தது. அதன் அடியில் ஒரு கறுப்புச் சில்லு ஒட்டியிருந்தது.

தங்கை குனிந்து குழியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தாளைப் பார்த்தாள். விரல் வைத்து ஒரு வரியைப் படித்தாள். போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"இது கீறல் இல்லடி" என்றேன்.

"உனக்குத் தெரியுமா? ஆள் வந்து பாக்கற வரைக்கும் தொடாதன்னு நீதானே எழுதிக்கீற?"

ஊறிய பழமும் மாவும் முட்டையும் கீழே வந்தன. நான் குக்கரில் மணல் போட்டேன், சர்க்கரையைக் கருக்கினேன். கேக் எப்போதும்போல வந்தது. மறுநாள் சர்ச் முடிந்து வந்த சித்தி இரண்டு துண்டு சாப்பிட்டு, "இதான்டி கேக்கு! அந்த ஏரோப்ளேன் எங்க, இந்தக் குக்கர் எங்க!" என்றாள். இரண்டு மாதமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. அப்போது தங்கை என் சமையலறை வாசலுக்கு வெளியே நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வலது கை இடது முழங்கைக்குக் கீழே பிடித்திருந்தது. நான் காபிக்கு லைட்டரைச் சொடுக்கியிருந்தேன்.

சித்தி ரயிலுக்குக் கிளம்பிய பிறகு சொன்னேன்.

"புத்தகத்துல இன்னொரு வரி இருந்துச்சு. நான் எழுதல."

"இன்னா வரி?"

மனப்பாடமாக இருந்தது. சொன்னேன்.

"மறந்துட்டியா?"

"இல்ல."

"கேக்குக்காகவா?"

"நீ கொண்டாந்த மொதல் காபியிலேர்ந்தே."

அவள் கொஞ்ச நேரம் ஆணியில் தொங்கிய கேரியரைப் பார்த்தாள். "நான் அத லேமினேஷன் போட்டு மாட்டினேன்" என்றாள். கேரியரை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

டிசம்பர் கடைசியில் முருகன் கோயில் மலைப்படி ஏற வரும் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது. மெக்கானிக் ஜனவரி ஐந்தாம் தேதிதான் வந்தார். அந்தப் பதினோரு நாளும் அவள் கேரியரோடு இறங்கி வந்தாள். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக் டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பார்த்து, "குழிதாங்க, கீறல் இல்ல. ஓட்டலாம். இதுலேர்ந்து கோடு மாதிரி ஓடுதான்னு மட்டும் அப்பப்ப பாத்துக்குங்க" என்றார்.

அவர் போன பிறகு தங்கை லேமினேஷனைக் கத்தரியால் வெட்டித் தாளை வெளியே எடுத்து என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். அந்த இரண்டு விரல் இடத்தில் நான் எழுதினேன். சரியாகப் பிடித்தது.

சாயங்காலம் மேலே அவள் மகளோடு வீடியோவில் பேசும் சத்தம் கேட்டது. துபாயிலிருந்து மகள் புத்தகத்தை இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, தங்கை என் தாளில் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்திரத்த இழுக்கக் கூடாது."

"ஆங், இருக்கு."

"ஓவன் கதவு?"

"இருக்கு."

இருபத்தாறு வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்த்திருக்கிறேன். என் எழுத்தை ஒருவர் இப்படி வரிவரியாகச் சரிபார்த்ததில்லை. படியின் அடியில் நின்று கேட்டேன். அந்தப் பெண் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விதத்தின்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

"சக்கர கொட்டினா?"

மேலே தாள் சரசரத்தது.

"இருக்கு" என்றாள் தங்கை. "கடைசியில. பேனாவால."