ஆறாவது தலையிடி

சென்ற தை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலண்டனில் இருக்கும் மகன் குமரனிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஞாயிறு பகல் ஒன்றரைக்குத் தவறாமல் எடுப்பான். ஏழு வருடத்தில் நான்கு தரம்தான் தவறியிருக்கிறான். இரண்டு மணிக்குள் ஒன்பது தரம் எடுத்துப் பார்த்தேன். மணி அடித்தது, ஆள் இல்லை. மூன்றரைக்குள் இருபத்திரண்டு.

முதல்நாள் இரவு ஒரு கூட்டாளி வீட்டில் பிறந்தநாள் விருந்து. அங்கேயே தங்கி, ஞாயிறு முழுக்கச் சும்மா படுத்துக் கிடக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். அந்த வீட்டின் சூடாக்கி பழுதாம். “இறைச்சி வாட்டுற தணலைச் சட்டியிலை அள்ளி உள்ளை வையுங்கோ. நீ பிறந்த மாரியிலை கொம்மாவின்ரை கட்டிலுக்குக் கீழை தணற்சட்டிதான்” என்று நானே யோசனையும் சொல்லியிருந்தேன்.

“உவன் விடிய விடியக் கூத்தடிச்சுப்போட்டு நித்திரை கொள்ளுவான். உங்களுக்கு எண்ண ஒண்டும் இல்லாட்டி முத்தத்து வெங்காயத்தை எண்ணுங்கோ” என்றாள் மனைவி.

எனக்கு இருக்க முடியவில்லை. குடித்துவிட்டுக் கார் ஓடினானோ? பனியில் சறுக்கினானோ? சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் மருதனார்மடம் போனேன். ஆஞ்சநேயர் கோயில் வெளிவீதியில் இருபத்தேழு சுற்று என்று நேர்ந்துகொண்டேன். தொலைபேசி சால்வை முடிச்சில். சுற்றுக்கு ஒரு அழைப்பு. அவனுடைய குரலை ஒருதரம் கேட்க வை, வேறொன்றும் வேண்டாம். அதுதான் என் மன்றாட்டு. அழுதுகொண்டுதான் நடந்தேன்.

ஒரு சுற்றின் பாதியில் என் அழைப்பை எடுத்தான்.

“அப்பா, தலை இடிக்குது. பிறகு கதைக்கிறன்.”

கேட்டது கிடைத்துவிட்டது. நான் வைத்திருக்கலாம். ஆனால் வாயில் ஒரு கேள்வி வந்தது.

“எத்தினை பேர் நிக்கிறியள்?”

“ஆறு பேர். எல்லாருக்கும் தலையிடி. படம் பாத்துக்கொண்டு கிடக்கிறம், எழும்பேலாது.”

“ஆறு பேரும் குடிச்சனீங்களோ?”

“அஞ்சு பேர். சுதன் காலமைதான் வேலையாலை வந்தவன்.”

“அவனுக்கும் இடிக்குதோ?”

“அவன் சத்தியும் எடுத்திட்டான்.”

குடிக்காதவனுக்கும் வாந்தி. என் கால் நின்றுவிட்டது.

“தணற்சட்டி எங்கை?”

“ஹோலுக்கை. காலமையும் புதுக்கரி போட்டனாங்கள். நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். கரித் தணலின் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எங்கள் ஓட்டு வீட்டில் காற்றுப் போக நூறு இடைவெளி. குளிருக்கு அடைத்த அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. இதை யோசிக்காமல் என் பிள்ளைக்கு நானே வழி சொல்லியிருக்கிறேன்.

“கதவைத் திற. எல்லாரையும் இழுத்துக்கொண்டு வெளியிலை போ.”

“வெளியிலை பனியப்பா.”

“போடா எண்டுறன்.”

தொடர்பு அறுந்தது. பிறகு நடந்துகொண்டே இருந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. என் வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணிக்கை விட்டுப் போனது. இருட்டுப்படும் நேரத்தில் குமரன் எடுத்தான். அம்புலன்ஸ் வந்ததாம். இரண்டு பேரைத் தூக்கித்தான் ஏற்றினார்களாம். ஆறு பேருக்கும் உயிருக்குப் பயமில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்திருந்தால் ஒருவரும் எழும்பியிருக்கமாட்டார்கள் என்று வைத்தியர் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தணற்சட்டி விடயத்தையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. சைக்கிளில் பின்னால் ஏறி, “திரும்பக் கோயிலுக்கு விடுங்கோ” என்றாள்.

அடியார்களே, கேட்கத் தெரியாமல் நான் குரலைத்தான் கேட்டேன். ஆஞ்சநேயர் ஆறு உயிரைத் தந்தார். தூரத்துப் பிள்ளைகளை நினைத்து நெஞ்சு பதைத்தால் அவரிடம் வாருங்கள். பிள்ளைகளுக்கு யோசனை சொல்லுமுன் ஒருதரம் யோசியுங்கள், மூடிய அறையில் தணல் வைக்க விடாதீர்கள்.

இப்போதும் நான் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். கோயிலைச் சுற்றும்போது மட்டும் எண்ணுவதில்லை. அன்று இருபத்தேழு முடித்தேனோ இல்லையோ தெரியாது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.