பொட்டு வைத்த பெட்டி

செல்லூரில் பிறந்து விளாங்குடியில் குடியிருந்த பாலமுரளிக்கு இருபது வயதில் பூணூல் கழன்றது. கழன்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆவணி அவிட்டத்தன்று அவரே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திருமணத்திலும் புரோகிதரைக் கூப்பிடவில்லை. "எந்த விதியா இருந்தாலும் எழுதினது யாரு, எழுதினவனுக்கு என்ன லாபம்னு கேளுங்கண்ணே. உலகத்துல பாதிப் புளுகு உதிர்ந்துரும்" என்று டீக்கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

திண்டுக்கல் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவருக்கு வேலை. கல்லூரியின் இணைய வலையைக் காப்பது. அலுவலகம், வகுப்புக் கட்டடம், ஆய்வகம், இரண்டு விடுதிகள் என ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு ஃபயர்வால் பெட்டி உண்டு. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்காரன் அது. முன்பெல்லாம் அந்தந்தக் கட்டடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் சொன்னபடி பெட்டி ஆடும். பாலமுரளி வந்து ஐந்தையும் தன் மேசைக் கணினிக்குக் கீழே கொண்டுவந்தார். அங்கே ஒருமுறை விதியை எழுதி அனுப்பினால் ஐந்தும் கேட்கும். எவராவது ஒரு பெட்டியில் தனியாகக் கைவைத்தால், மேசையிலிருந்து போகும் விதி அதை அழித்துவிடும். ஆளுக்கொரு நியாயம் இல்லாத ஓர் இடத்தையாவது உண்டாக்கிவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டாயிரத்து எட்டு, ஜூலை மாதம் தாளாளர் கூப்பிட்டார்.

"முரளி, லேடீஸ் ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு மேல நெட்டு வேணாம்."

"பசங்களுக்குப் பதினொண்ணு வரைக்கும் இருக்கு சார். ரெண்டுக்கும் ஒரே விதி…"

"பையன் வேற, பொண்ணு வேற. ராத்திரியில இதுக பாட்டுக்கு எவன்கூடவாவது சாட்டிங் பண்ணிட்டுத் திரிஞ்சா பெத்தவன் என் சட்டையைப் பிடிப்பான். இன்னொண்ணு. தடுத்திருக்குன்னு திரையில எழுத்து வருதுல்ல? அதையும் மாத்திருங்க. மிசின் பழுதுன்னு போடுங்க. காரணம் சொன்னா கேள்வி கேப்பாக."

பாலமுரளி தலையாட்டினார். ஒரு வரிதானே என்று மேசைக்குப் போய், ஆறு மணித் தடையை எழுதி, 'தொழில்நுட்பக் கோளாறு. பொறுத்தருளவும்' என்று தட்டி, பெண்கள் விடுதிப் பெட்டிக்கு மட்டும் தனியாக அனுப்பினார். எழுதினது யார் என்ற கேள்வியை அன்று அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

பழுது என்றால் பார்க்கக் கூப்பிடுவார்கள் அல்லவா? கூப்பிட்டார்கள். அவரும் போனார். ஒயரைக் கழற்றி மாட்டினார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "மேல கம்பெனியில ப்ராப்ளம்மா" என்றார். கையில் உடுக்கை ஒன்றுதான் குறை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி. பகலெல்லாம் அந்தத் தளம் நெரிசலில் திறக்கவே இல்லை. ஆறு மணிக்கு விடுதிக் காப்பாளர் ரெங்கம்மாள் ஆள் அனுப்பினார்.

பாலமுரளி போனபோது பெட்டிக்கு முன்னால் பெண்கள் கூட்டம். பெட்டிக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பச்சை விளக்கு எரியும் இடத்தை மறைத்து விபூதிப் பட்டை. ஒயரில் மஞ்சள் நூலால் கட்டிய எலுமிச்சம்பழம்.

"எங்கம்மா பாண்டி கோயில்ல மந்திரிச்சுக் குடுத்துவிட்டுச்சு சார்" என்றாள் முனீஸ்வரி. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பெண், இறுதியாண்டு. "மூணு மாசமா நீங்களும் எம்புட்டுத்தான் பாப்பீக. ஆறு மணியானா என்னமோ வந்து உக்காந்துக்கிருது."

"வாட்சு கட்டின பேயிடீ, ஒரு நிமிசம் பிந்தாது" என்றாள் பின்னாலிருந்த காவ்யஸ்ரீ. எல்லோரும் சிரித்தார்கள்.

எந்தக் குங்குமத்துக்கு எதிராகப் பாலமுரளி பதினைந்து வருடம் தொண்டை வறளப் பேசினாரோ, அதே குங்குமத்தை இந்தப் படித்த பெண்கள் வைக்கும்படி செய்தது எந்தப் பூசாரியும் இல்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"மெயின் லைன் போயிருச்சும்மா" என்றார். "காலேஜ் முழுக்க இல்ல."

முனீஸ்வரியின் முகம் செத்துப்போனது. "இன்னைய விட்டா அடுத்த வருசந்தான் சார். அதுக்குள்ள எங்கய்யா எனக்குக் கல்யாணத்தை முடிச்சுப்புடும்." செல்போனை எடுத்தாள். ஆண்கள் விடுதியில் இருக்கும் சித்தி மகன் அசோக்குமாரிடம் வெளியே எங்காவது வழி உண்டா என்று கேட்கத்தான். அவன் பேசியது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"என்னக்கா சொல்ற, இங்கன ஜம்முனு ஓடுதே! நம்ம மாப்ள ஒருத்தன் படம் எறக்கிக்கிட்டிருக்கான்."

சிரிப்பு நின்றது. ரெங்கம்மாள் உட்பட எல்லோரும் பாலமுரளியைப் பார்த்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பேயும் இல்ல, பழுதும் இல்லம்மா. உங்களுக்கு மட்டும் ஆறு மணின்னு மேல சொன்னாக. நான்தான் அடைச்சேன்."

"அப்ப ஒயரெல்லாம் கழட்டிக் கழட்டிப் பாத்தீகளே?" என்றாள் முனீஸ்வரி.

அங்கேயே நின்று திறந்துவிட அவருக்கு வழியில்லை. பெட்டியில் நேரே கைவைக்க முடியாதபடி செய்து வைத்தவரும் அவர்தான். மைதானத்தைத் தாண்டி, ஆண்கள் விடுதியின் வெளிச்சமான ஜன்னல்களைத் தாண்டி அலுவலகத்துக்கு நடந்தார். பெண்கள் விடுதிக்கென்று எழுதிய தனி விதியை அழித்தார். கோளாறு என்ற பொய்யையும் அழித்தார். ஐந்து பெட்டிக்கும் ஒரே விதியை அனுப்பினார். மறுநாள் தாளாளருக்கு என்ன சொல்வது என்ற பயத்தைவிட, திரும்பி அந்த விடுதிக்குள் நுழைவதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆனாலும் விண்ணப்பம் போனதா என்று தெரிந்தாக வேண்டுமே. போனார். முனீஸ்வரி அப்போதுதான் கணினியை விட்டு எழுந்திருந்தாள். "போயிருச்சு" என்றாள். சார் என்று சொல்லவில்லை.

பிறகு பெட்டியருகே போய், தாவணி நுனியால் குங்குமத்தையும் சந்தனத்தையும் விபூதியையும் அழுந்தத் துடைத்தாள். பச்சை விளக்கு தெரிந்தது. மஞ்சள் நூலை அவிழ்த்து, எலுமிச்சம்பழத்தைப் பாலமுரளியின் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு மந்திரிச்சதுதான்" என்றாள்.