அண்ணியின் கறுப்பு ஸ்வெட்டர்

என் அண்ணி கைப்பந்து நடுவர். அவள் விசில் அடித்தால் ஆறடி ஆட்டக்காரனும் வாயைப் பொத்திக்கொள்வான். அப்படிப்பட்டவள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நடுவர் மேடையை விட்டு இறங்கி, ஸ்கோர் எழுதும் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் முட்டிவலி என்பாள். வெயில் கொளுத்தினாலும் இடுப்பில் ஒரு கறுப்பு ஸ்வெட்டர்.

உண்மை எனக்குத்தான் தெரியும். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. பலமாக ஊதினால் சிறுநீர் கசியும். அதைச் சொல்ல ஏழு வருடம் வெட்கப்பட்டாள். கடைசியில் தரதரவென்று இழுக்காத குறையாக நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஒன்றுக்குப் போகாமல் வரும்படி முன்பே சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா இறங்கிய பகுதியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார். அண்ணி இருமினாள். ஒரு சொட்டு இல்லை.

"கசிவே காணோமே. அப்ப இறக்கத்த மட்டும் சரிபண்ணிடலாம், நாடா வேண்டாம்."

சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கலாக வைக்கிற பட்டைதான் நாடா. அது இல்லையென்றால் விசிலும் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி திருதிருவென்று முழித்தாள்.

"அண்ணி, உள்ள வர்றதுக்கு முன்னாடி எங்க போனீங்க?"

"பழக்கதோஷம்டி. கால் தானா பாத்ரூமுக்குப் போயிடுச்சு. இவங்க முன்னாடி ஒழுகிட்டா மானம் போயிடுமேன்னு..."

"அது ஒழுகுதான்னு பாக்கத்தானே வந்திருக்கோம்!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு மணி நேரம், மறுபடி சோதனை. இந்த முறை அண்ணி இருமவில்லை. பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள். வராந்தாவிலிருந்த நர்ஸ் அலறியடித்து ஓடிவந்தார். சோதனை மேசை நனைந்தது.

"பாத்தீங்களா டாக்டர்?" என்றாள் அண்ணி, தலை நிமிர்ந்து.

"பாத்தேன்மா. ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சிடலாம். ஆனா நூத்துக்கு நூறு நின்னுடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் கழித்து இறுதி ஆட்டம். வெள்ளைக் கால்சட்டையில் அண்ணி மேடை ஏறினாள். கீழே என் அண்ணன் அந்த ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான், எதற்கும் இருக்கட்டும் என்று. பக்கத்திலிருந்தவரிடம், "அது எங்க அண்ணி" என்றேன். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

அரங்கமே அதிர விசில் அடித்தாள். மேலிருந்து என்னைத் தேடிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

கண்ணைத் துடைக்க அண்ணன் கையிலிருந்த ஸ்வெட்டரைப் பிடுங்கிக்கொண்டேன்.