டீனம்மாவின் பழுப்பு அட்டை நோட்டு

எங்கள் டீனம்மா ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்கு வாய் காதுவரை போனது. அவ்வளவு கண்டிப்பு. காகிதத்தில் குண்டூசி கோணலாக இருந்தால்கூடக் கழற்றி நேராகக் குத்தித் தரச் சொல்வார். எட்டு வருடம் அவர் அறையில் தட்டச்சராக இருந்த நான் எத்தனை குண்டூசி கழற்றியிருப்பேனோ, என் விரல்களைத்தான் கேட்கவேண்டும். நியாயமாக நான்தான் முதலில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ தூக்கம் போனது. காரணம் ஒரு நோட்டு.

எங்கள் வளாகம் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருந்தது. படிக்க வந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வருடாவருடம் சேர்க்கை முடிந்ததும் டீனம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். எந்த ஊர்? அப்பா அம்மா எந்தக் கம்பெனி? கம்பெனிக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் போன் இருக்கிறது? அவர் கேட்கக் கேட்க, பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டில் நான் எழுதுவேன். மத்தியானச் சோறு ஆறிப்போகும் கடுப்பில்தான் எழுதுவேன், பொய் சொல்லக்கூடாது. எழுதி முடித்ததும் நோட்டு அவருடைய டிராயருக்குள் போய்விடும்.

தீபாவளி சீசன் நேரத்தில் தூரத்தில் எங்காவது 'டம்' என்று கேட்டால் வகுப்புகளில் பேச்சு நின்றுபோகும். பிள்ளைகள் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். அதற்குள் டீனம்மா நோட்டை விரித்து ஊர் ஊராகப் போன் போட ஆரம்பித்திருப்பார். விசாரித்து முடித்தபின் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் போய் நிற்பார்.

"கல்குவாரி வெடிதான். யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒக்காந்து பாடத்தப் பாருங்க."

நாற்பது பிள்ளைகளும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டு பெஞ்சில் உட்காரும் ஓசை கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். அரசாங்கமே வந்து சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் நம்பியிருக்கமாட்டார்கள். டீனம்மா விசாரிக்காமல் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை அவர் எதுவும் சொல்லாமல் ஒரு வகுப்புக்குள் போனார். ஒரு பெண்ணின் தோளில் கைவைத்து வெளியே கூட்டிவந்து, தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத்தான் வேலைக்கு வந்தார்.

என் அம்மாவும் நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். நோட்டில் மாணவர்களின் பெற்றோர் விவரம் மட்டும்தான் உண்டு. ஆனாலும் டீனம்மா நாரணாபுரம் பக்கம் பேசிவிட்டுப் போனை வைக்கும்போது என் உயிரும் திரும்பி வந்துவிடும். அவர் போனபிறகு யார் பேசுவார்? எனக்கு அந்த ஒரு பயம்தான்.

புது டீன் கோயம்புத்தூர்க்காரர். ஒல்லி உடம்பு, தோளில் லேப்டாப் பை. பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். கோப்பு, சாவி, முத்திரை எல்லாம் ஒப்படைத்துவிட்டு டீனம்மா கடைசியாக அந்த நோட்டை நீட்டி விவரம் சொன்னார். புது டீன் வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவரு அத எந்த மூலையில போடப்போறாரோ" என்று அட்டெண்டர் அக்காவிடம் புலம்பினேன்.

"பொறு தாயி. நேத்து வந்த மனுசனுக்கு எம்புட்டுத் தெரியும்?" என்றார் அக்கா.

வழியனுப்பு விழா புரட்டாசியில், சீசன் உச்சத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் காது குத்துக்கே பத்தாயிரம் வாலா வெடிப்பார்கள். டீனம்மாவோ வளாகத்துக்குள் ஒரு ஓலைவெடிக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை. அதனால் விழா அமைதியாகவே நடந்தது. போகிறவருக்குச் சால்வை போட்டார்கள், வருகிறவருக்கு ரோஜா மாலை போட்டார்கள். தாளாளர் மைக்கைப் பிடித்து அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

மண்டபமே எழுந்து நின்றது. அத்தனை தலைகளும் டீனம்மா பக்கம் திரும்பின. அவரும் பழக்கத்தில் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. புது டீன் கழுத்து மாலையோடு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அறையில் அவர் டிராயரைத் திறக்கவே இல்லை. நின்றபடியே எண்களை அழுத்தினார். அந்த ஒரு வாரத்தில் நோட்டு முழுவதையும் மனப்பாடம் செய்திருக்கிறார் மனிதர்! வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

"நாரணாபுரம் டீக்கடைங்களா? அங்க ஏதாவது சத்தமுங்களா? சரிங்க, சரிங்க." போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கம்மா கம்பெனி பக்கம் ஒண்ணுமில்லீங்க. வேலை நடந்துட்டிருக்குதாம்."

"எங்கம்மா பேரு அந்த நோட்டுல இல்லயே சார்."

அவர் அடுத்து அச்சங்குளத்துக்குப் போன் போட்டுக்கொண்டே இன்னொரு கையால் டிராயரைத் திறந்து, நோட்டின் பின்னட்டையை எனக்கு விரித்துக் காட்டினார். அட்டையின் உட்பக்கத்தில் டீனம்மாவின் கையெழுத்து. முதல் வரியில் என் பெயர், அம்மாவின் கம்பெனி, டீக்கடை எண். அதன்கீழே அட்டெண்டர் அக்காவின் மருமகன், பஸ் டிரைவரின் மனைவி. இதை எழுதிவைத்ததை டீனம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

புது டீன் மல்லாங்கிணறு வரைக்கும் ஓர் ஊரையும் விடாமல் விசாரித்தார். கடைசியாகக் கல்குவாரி ஆபீசிலும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மண்டபத்துக்குத் திரும்பினார். அங்கே இன்னும் ஒருவரும் உட்காரவில்லை. டீனம்மா மேடையைவிட்டு இறங்கி, முன்வரிசைப் பிள்ளைகளுக்கு நடுவே சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்.

புது டீன் மைக் முன்னால் போனார். மாலையில் பாதி ரோஜா உதிர்ந்திருந்தது.

"கல்குவாரி வெடிதானுங்க. எல்லா ஊருக்கும் கேட்டுட்டேன். யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. உட்காருங்க."

ஒருவர்கூட உட்காரவில்லை. எல்லாரும் டீனம்மாவைப் பார்த்தார்கள், அவர் வாயால் கேட்கவேண்டும் என்று. அவர் யாரையும் பார்க்கவில்லை. புது டீனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் டீனம்மாவிடம் நான் பார்த்திராத முகம் அது. வகுப்பு ஜன்னல்களில் கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளைகளிடம் மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடமும் எங்களுக்கெல்லாம் சொன்னவருக்குச் சொல்ல, அன்றைக்குத்தான் ஓர் ஆள் வந்திருந்தார்.

டீனம்மா நீளமாக ஒரு மூச்சுவிட்டார். பக்கத்திலிருந்த நாற்காலியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மண்டபம் முழுவதும் உட்கார்ந்தது.