கூடத்தில் நடந்த அப்பீல்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சித்தூர் ஜில்லா கோர்ட்டில் வக்கீல். அவரை எதிர்த்து வாதாட அநேகமாக ஒரே ஆள்தான் வருவார், அவருடைய உயிர்ச் சிநேகிதர். திருப்பதி முன்சீப் கோர்ட்டில் வழக்கென்றால் இருவரும் ஒரே ரயிலில் போவார்கள். ஆனால் ஒரே பெட்டியில் ஏறமாட்டார்கள். வழக்குக் கொடுத்தவர்களும் அதே வண்டியில் வருவார்களே. தன் வக்கீலும் எதிராளியின் வக்கீலும் கூடிக் குலாவுவதைப் பார்த்தால் பிழைப்பு போச்சு. பாகாலாவில் வண்டி நிற்கும்போது அந்த ஜனங்கள் காபிக்கு இறங்குவார்கள். அந்த இடைவெளியில் சிநேகிதர் நைனாவின் பெட்டிக்குத் தாவிவிடுவார். இட்லி எங்கள் வீட்டிலிருந்து, சட்னி அவர் வீட்டிலிருந்து. சந்திரகிரி வருவதற்குள் தூக்கு காலி. பிறகு கோர்ட்டில் ஒருவரையொருவர் கிழி கிழியென்று கிழிப்பார்கள்.

தேர்தலிலும் இதே கதைதான். மதராஸ் சட்டசபைக்கு இருவரும் எதிரெதிராக நின்றார்கள். புத்தூர், நகரி என்று ஊர் ஊராகப் போய், பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் திட்டிக்கொண்டார்கள். நைனா ஜெயித்தார். முதல் மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் தோற்றவர்தான்.

"உங்க வூட்டுக்காரரைத் திட்டித் திட்டி தொண்டை கட்டிக்கினுது. சூடா இன்னா வச்சிருக்கம்மா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அவருடைய மகன் மதராஸில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்த மகனுக்கு நான்தான் பெண் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அதில் கொள்ளை ஆசை. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்?

அந்தச் சமயம் பார்த்து நைனாவை ஹைகோர்ட் ஜட்ஜாகப் போட்டு உத்தரவு வந்தது. கட்சியையும் சபையையும் உடனே விட்டார். ஊர் கொண்டாடியது. நைனா மட்டும் விறைத்துப்போனார். இனி வக்கீல்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை.

"அவன் அப்பீல் எடுத்துக்கினு என் எதிர்லயே வந்து நிப்பான். அவன் வூட்ல பொண்ணைக் குடுத்தா நாலு பேர் இன்னா பேசுவாங்க? இந்தச் சம்பந்தம் வேணாம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு உலகமே வெறுத்துப்போயிற்று. அழுதேன். நைனாவோடு பேசுவதை நிறுத்தினேன். அந்த ஜட்ஜ் உத்தியோகத்தை மனதுக்குள் திட்டாத நேரமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிநேகிதர் வந்தார். கோர்ட் இல்லாத நாளில் கறுப்புக் கோட்டும் அங்கியும் மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். நைனா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, சம்பந்தம் வேணாம்னு சொன்ன உத்தரவுமேல இது அப்பீல்" என்று ஆரம்பித்தார்.

நைனா பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்து, "ஆட்சேபிக்கிறேன்" என்றார்.

"உக்காருய்யா. ஜட்ஜே எழுந்து ஆட்சேபிக்கிற கோர்ட்டு எங்க இருக்குது?"

நைனா உட்கார்ந்துவிட்டார். அம்மா அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிநேகிதனா வந்து நின்னா என் கேஸை நீதான் கேப்ப. நான் ஜெயிச்சா உன் பேர் கெடும். பேர் கெடக்கூடாதுன்னு என்னைத் தோக்கடிச்சா என்கிட்ட கேஸ் குடுத்தவனுக்கு அநியாயம். சம்பந்தி ஆயிட்டா, சொந்தக்காரன்னு என் கேஸ் கட்டே உன் ரூமுக்கு வராது, வேற ஜட்ஜுகிட்ட போயிடும். உன் பேரைக் காப்பாத்தத்தான்யா பொண்ணு கேக்கறேன்."

நைனா கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு, பெண்ணின் சாட்சியம் இல்லையே என்றார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல, நைனா."

நைனா அடக்க முடியாமல் சிரித்தார். அப்பீல் அனுமதிக்கப்பட்டது. கல்யாணம் திருப்பதியில் நடந்தது.

அதன்பின் என் மாமனாரின் கேஸ் கட்டுகளெல்லாம் வேறு ஜட்ஜுகளிடமே போயின. நைனா ஓய்வு பெற்றபின் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமனாரும் பக்கத்தில் இருந்தார். நைனா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எத்தினியோ வக்கீலுங்க வந்தாங்க. எல்லாரும் குனிஞ்சி குனிஞ்சி பேசனாங்க. இவனை மாதிரி என்னை உக்கார வைக்க ஒருத்தனும் இல்லம்மா. உன்னைக் கட்டிக் குடுத்து, இவன் வாதத்தைக் கேக்கறதை வுட்டுட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் மாமனாரின் பழைய அங்கியை எடுத்துவந்து அவர் தோளில் போட்டேன்.

"இன்னா கேஸும்மா?" என்றார் மாமனார்.

நைனா அதற்குள் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.