நாலந்தாவுக்கு அப்பால் நின்றுபோன அறுநூற்றைம்பது

அறுநூற்றைம்பது சீசீ பைக்கை வாங்கும்போது மனைவியிடம் நிறையப் பேசினேன். நாவுலயில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் போகலாம், ஞாயிறுகளில் மலைப்பாதையில் கொஞ்சம் வேகம் பார்க்கலாம், லீவு கிடைத்தால் இருவருமாகத் தூரப் பயணம் போகலாம் என்றேன். லீவுதான் கிடைக்கவே இல்லை.

திருகோணமலையில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் பகல் பேர் வைக்கிறார்கள்.

"பஸ்ல போயிருவோமேங்க," என்றாள்.

"பைக் எதுக்கு இருக்கு?" என்றேன்.

விடிந்ததும் மாத்தளையிலிருந்து கிளம்பினோம். நாலந்தாவைத் தாண்டியதும் மீட்டர் வெளிச்சம் மங்கியது. இஞ்சின் இருமி நின்றது. ஒரு வாரமாகவே ஹெட்லைட் மங்கலாக எரிந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டது நான்தான்.

வெயிலில் தள்ளிக்கொண்டு போனோம். இருநூறு கிலோ. சாலையோர கராஜ்காரர் பெட்டரியைச் சோதித்துவிட்டு, "சார்ஜ் ஏறல மாத்தயா. உள்ளே ஒரு பார்ட் போயிருச்சு. சின்ன பைக்னா இப்பவே மாத்திருவேன். இதுக்குக் கொழும்புலதான் தேடணும்," என்று சிங்களத்தில் சொன்னார். பெட்டரியை மட்டும் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்து கொடுத்தார். அந்த நேரத்தில் ஒரு பழைய சின்ன பைக்கில் மூன்று பேர் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். எரிச்சலில் எனக்குக் கழுத்தெல்லாம் சூடேறியது.

நாவுலவுக்கு முன்னால் மறுபடி நின்றது.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம்," என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "நீங்க இதைப் பாருங்க. நான் பிள்ளையைப் பார்க்கப் போறேன்."

தம்புள்ளை பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் காய்கறி லொறி ஒன்றின் பின்னால் ஏறி, பூசணிக்காய்களுக்கு நடுவே பைக்கைப் பிடித்துக்கொண்டு மாத்தளைக்குத் திரும்பினேன்.

பின்னேரம் போன் செய்தாள்.

"நேரத்துக்குப் போயிட்டியா?" என்று கேட்டேன்.

"பேர் வச்சு முடிஞ்சிருச்சு. நீங்க எங்கன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல அவசர வேலைன்னு சொன்னேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மானத்தைக் காக்க அவள் பொய் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

பார்ட் வர ஐந்து வாரமானது. பைக் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. போன வாரம் குழந்தையைப் பார்க்கப் போனோம். அவளிடம் கேட்காமலே பஸ்ஸில் இரண்டு சீட் புக் பண்ணினேன்.