பங்கு பிரியாத பிளசர்கள்

திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர் நாச்சிமுத்து அவர்கள் காலமான செய்தி, சங்ககிரி நீதிமன்றத்தில் நான் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்த வேளையில் வந்தது. என் குமாஸ்தா பின்னால் வந்து நின்று, "பிளசர்காரர் போயிட்டாருங்களாமா" என்றார். கேட்ட செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளாமல் பிறரிடம் சொல்வது என் வழக்கமன்று. விசாரணையை முடித்துக்கொண்டு, எதிரே இருந்த மளிகைக் கடையின் தொலைபேசியிலிருந்து அவர் வீட்டுக்குப் பேசினேன். அவருடைய துணைவியார் பாவாயம்மாளே எடுத்தார். "ஆமாங்க. காத்தால காப்பி குடிச்சுட்டு உக்காந்தவருதானுங்க" என்றார்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும். எங்கள் பக்கத்தில், சொந்தத்துக்கு வைத்துக்கொள்ளும் எந்தக் காரையும் பிளசர் என்றுதான் சொல்வோம். நாச்சிமுத்து அவர்களைப் பிளசர்காரர் என்று ஊரே அழைத்தது. ஆயினும் அவர் தம் வாழ்நாளில் ஒரு கார்கூட வாங்கியதில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்றும், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் வைத்திருந்தார். அவருக்கு அப்பெயரைத் தந்த பிளசர்கள் எல்லாம் உள்ளங்கையில் அடங்குபவை. மகாராஜாக்களும் கவர்னர்களும் ஏறிய பெரிய கார்களை அச்சு மாறாமல் சுருக்கி, வார்ப்பு உலோகத்திலும் தகரத்திலும் செய்து, அந்தக் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய விளையாட்டுப் பொருள்கள் அவை.

அவை அவரிடம் சேரத் தொடங்கிய கதை நான் கேட்டறிந்தது. அதன் பின் நடந்தவற்றை நேரில் கண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாச்சிமுத்து அவர்களும் அவருடைய தம்பி அத்தியப்பன் அவர்களும் சேர்ந்து ஒரு ரிக் வாங்கினார்கள். அண்ணன் ஊரிலிருந்து பட்டறை வேலையையும் வரவு செலவையும் பார்த்துக்கொள்ள, தம்பி ஆட்களோடு வடக்கே போனார். ராஜஸ்தானத்தில் ஒரு பழைய ஜமீன் பங்களாவில் போர்க் கிணறு போட்ட சமயம், இடிந்த அறையொன்றிலிருந்து அள்ளிக் கொட்டிய குப்பையில் ஒரு பொம்மைக் கார் கிடந்ததாம். வீட்டுக்காரர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த தம்பி, அதை அண்ணன் முன்னால் வைத்து, "பிளசர் வேணும், பிளசர் வேணும்னு சொல்லீட்டே இருந்தீங்களே, இந்தாங்ணா. பெட்ரோலும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம்" என்றாராம். வேடிக்கைக்குச் சொன்னது. அண்ணன் அதை மெல்லிய தூரிகையால் தட்டித் துடைத்து, ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட அடுத்த மாடல் ஒண்ணு இருக்கோணுமே, பாரு தம்பி" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த பயணத்தில் தம்பி தேடினார்; கிடைத்தது. ரிக் போகாத மாநிலம் இல்லை என்பதால் பழைய அரண்மனை ஊர்களும் பங்களாக்களும் ஒவ்வொன்றாக வந்தன. எந்த ஊரில் போர் போட்டாலும் அத்தியப்பன் அவர்கள் அங்கே பழைய சாமான் கடை எங்கிருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

இப்படி ஒருவர் தேட, ஒருவர் பேணச் சேர்ந்தவை, எழுபதுகளின் பிற்பகுதியில் குடும்பம் பிரிந்தபோது வழக்காயின. நிலத்தையும் வீட்டையும் உறவினர்கள் பேசிப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ரிக்கும் பிளசர்களும் மிஞ்சின. அத்தியப்பன் அவர்கள் மனைவியின் ஊரான மேச்சேரிக்குக் குடிபோய், அங்கே ஆடு வளர்த்துக்கொண்டே அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார். அவர் அமர்த்திய வழக்கறிஞர் வெளியூர்க்காரர். கட்சிக்காரர் "பிளசர்" என்று சொன்னதை அவர் மோட்டார் கார் என்றே எடுத்துக்கொண்டு, சொத்து விவரத்தில் "வெளிநாட்டு மோட்டார் கார்கள்" என எழுதிவிட்டார். ஒரு ரிக் உரிமையாளர் வீட்டில் இத்தனை வெளிநாட்டுக் கார்களா என்று வியந்த நீதிமன்றம், அவற்றைப் பார்வையிட்டு அறிக்கை தர ஓர் ஆணையரை நியமித்தது. அந்த ஆணையர் நான்.

வாகனங்களின் நிலையை அறிய வேண்டுமே என்று ஒரு மெக்கானிக்கையும் உடன் அழைத்துப் போனேன். வாசலில் எங்களை வரவேற்ற நாச்சிமுத்து அவர்களிடம் மெக்கானிக், "வண்டியெல்லாம் எங்கீங்க நிக்குது?" என்றார்.

"அலமாரில நிக்குதுங்க. செருப்பைக் கழட்டீட்டு உள்ள வாங்க."

"அலமாரிலயா? நான் ஜாக்கியெல்லாம் கொண்டாந்திருக்கறனுங்களே."

"அது வேண்டாங்க. ஜாக்கி போட்டேதான் நிறுத்தியிருக்குது."

சொன்னது உண்மை. சக்கரத்தின் மீது பாரம் நின்றால் பழைய ரப்பர் டயர் தட்டையாகிவிடும் என்பதால், ஒவ்வொரு காரின் அச்சுக்கும் அடியில் தீக்குச்சி கனத்தில் ஒரு மரத்துண்டு வைத்திருந்தார். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த ஜாக்கியை ஓசைப்படாமல் மூலையில் வைத்தார்.

நான் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். "நல்லா இருக்குதுன்னு பொதுவா எழுதிப்போட்டுப் போயிராதீங்க வக்கீலய்யா" என்று சொல்லி, நாச்சிமுத்து அவர்களே ஒவ்வொரு குறையையும் காட்டினார். ஒன்றில் முன்விளக்கு இல்லை. ஒன்றின் வார்ப்பில் மயிரிழை வெடிப்பு. குறை கூடினால் மதிப்புக் குறையும், அது பிரதிவாதியான அவருக்குச் சாதகமாகுமே என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அடுத்ததாக ஒரு நீண்ட கறுப்புக் காரைக் கையில் எடுத்து, "இது வந்த அட்டை டப்பாவோடயே இருக்குது. இந்த மாதிரி நம்ம பக்கம் யாருகிட்டயும் கெடையாதுங்க. அதையும் எழுதுங்க" என்றார். ஐயம் நீங்கியது.

பெரும்பாலானவற்றில் வண்ணம் உதிர்ந்திருந்தது. ஏன் பூசவில்லை என்று கேட்டேன். "மேல பெயிண்ட் அடிச்சா என்னோட காராயிருமுங்க. இதை வெச்சு வெளையாடுன பையனோட காரு இல்லாமப் போயிரும்" என்றார்.

வாதியான தம்பியும் வந்திருந்தார். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று முற்றத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பிக்குள் அப்போது பேச்சு இல்லை. முற்றத்திலிருந்து குரல் வந்தது: "வக்கீலுங்க, அந்தப் பச்சைப் பிளசர் குவாலியர்ப் பக்கம் நான் அலைஞ்சு திரிஞ்சு வாங்கியாந்ததுங்க. எழுதிக்குங்க."

அண்ணன் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்: "வாரப்ப மண்ணுருண்டையாட்ட வந்துச்சுங்க. அதையும் எழுதிக்குங்க."

"மண்ணுருண்டைக்குள்ள பிளசர் இருக்குதுன்னு கண்டுபுடிச்சது யாருன்னு கேளுங்க."

"அதுக்குப் பேரு சொல்லி வருசம் சொன்னது யாருன்னு கேளுங்க."

நான் எதையும் கேட்கவில்லை. ஆணையரின் வேலை அதுவன்று. ஆனால் இவ்வழக்கில் இரு தரப்பும் சொல்வது ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

புறப்படும்போது நாச்சிமுத்து அவர்கள் அலமாரியை எனக்கு விளக்கினார். எந்தக் கார் முதலில் உலகத்துக்கு வந்ததோ அது இடப்புறம். அங்கிருந்து ஆண்டு வரிசை. முதல் கார்களில் மட்கார்டு தனியாக, விளக்கு தனியாக, ஏறும் படி தனியாக நிற்கும். வரிசையில் போகப் போக மட்கார்டு உடம்போடு ஒட்டும், படி காணாமற்போகும், விளக்கு உள்ளே போய் அமரும். "ஒவ்வொண்ணாப் பாத்தாப் பொம்மைங்க. வரிசையாப் பாத்தா ஒரே பிளசர் வளந்து வாரது தெரியும். அவன் பாதி கேக்கறான். பாதியை வெச்சு அவன் என்னத்தைப் பாக்கறது, நான் என்னத்தைப் பாக்கறது?" என்றார். அந்த மனிதர் எதற்கு அஞ்சினார் என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று.

என் அறிக்கை தாக்கலான பின், இரு தரப்பு வழக்கறிஞர்களும் சமரசத்துக்கு இசைந்தார்கள். ஆணையர் பணி முடிந்துவிட்டதால், சாட்சியாக வரும்படி அவர்கள் என்னை அழைத்ததை ஏற்றேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மூத்தவர் பங்கு பிரிப்பார். இளையவர் முதலில் எடுப்பார். பிரிப்பவர் வஞ்சகம் செய்தால் அது தம் தலையிலேயே விழும் என்பதற்கான ஏற்பாடு அது.

உறவினர்கள் கூடியிருந்தார்கள். நாச்சிமுத்து அவர்கள் எழுந்து நின்று, "ஒரு பங்கு, ரிக்கு. இன்னொரு பங்கு, பிளசர் பூராவும்" என்றார்.

ரிக் அவருடைய பிழைப்பு. அத்தியப்பன் அவர்கள் அதைத்தான் எடுப்பார் என்பதில் அங்கிருந்த எவருக்கும் ஐயமில்லை. சமையலறை வாசலிலிருந்து பாவாயம்மாள் கேட்டார்: "ஏனுங்க, ரிக்குப் போயிருச்சுன்னா சோத்துக்கு என்ன பண்றது? பிளசரைப் பொரிச்சுத் திங்கறதுங்களா?"

"பிரிக்கறது என் வேலை. எடுக்கறது அவன் இஷ்டம். நீ காப்பி கொண்டா" என்றார் அவர்.

அத்தியப்பன் அவர்கள் அலமாரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார். பிறகு, "எனக்குப் பிளசர்" என்றார்.

அவருடைய மாமனார் பதறிவிட்டார். "மாப்ள, ஆட்டுப்பட்டிக்குள்ளயா கொண்டுபோயி நிறுத்தப் போறீங்க?"

"நான் கொண்டாந்ததுங்க மாமா. நானே வெச்சுக்கறேன்."

நான் நாச்சிமுத்து அவர்களின் முகத்தைப் பார்த்தேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது சரியான சாட்சியமாகாது. ஆனால் அது தோற்றவரின் முகமும் அல்ல. "முழுசாப் போகுதில்லீங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பின்னர் ஒவ்வொரு காரையும் தாமே பஞ்சில் பொதிந்து கட்டினார். கட்டிக்கொண்டே, நிமிராமல், "தம்பி, மரத்துண்டு வெக்காம நிறுத்திப்போடாத. டயர் சப்பையாயிரும்" என்றார். வழக்குத் தொடங்கிய பின் அவர் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியுங்ணா" என்றார் தம்பி.

இதற்குப் பின் நடந்ததை எந்த வழக்கறிஞரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். தம்பி பிரிந்துபோய்விட்டதால் ரிக்கோடு நாச்சிமுத்து அவர்களே வடக்கே போனார். அதுவரை ஊரில் இருந்து பேணியவர், இப்போது பழைய சாமான் கடைகளில் தேடினார். அலைந்து தேடியவரோ மேச்சேரியில் உட்கார்ந்து துடைத்து அடுக்கினார். எண்பதுகள் முழுவதும், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நாச்சிமுத்து அவர்கள் ஒரு துண்டில் எதையாவது சுற்றிக்கொண்டு, சங்ககிரியில் ஒரு பஸ், தாரமங்கலத்தில் ஒரு பஸ் மாறி மேச்சேரிக்குப் போவார். சமரசத்தின்படி அவருக்கு அந்தக் கடமை இல்லை. ஒருமுறை நானே எடுத்துச் சொன்னேன்: புதிதாக வாங்குபவை அவருடைய தனிச்சொத்து, தாராளமாகத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று. "ஒத்தைப் பிளசரை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? வரிசை அங்கயல்ல இருக்குது" என்றார்.

அவரோடு ஒருமுறை நானும் போயிருக்கிறேன். ஆட்டுப்பட்டியை ஒட்டி, வெள்ளையடித்த தனி அறை. அத்தியப்பன் அவர்கள் துண்டை அவிழ்த்துப் பார்த்து, "ஏனுங்ணா, மண்ணுருண்டையாட்ட இருக்குதுங்களே" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டியிருந்த ஆடுகள் மிரண்டன. பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, அந்தக் கார் எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் வாதாடினார்கள். அவ்வளவு நேர்மையான வாதத்தை நான் நீதிமன்றத்தில் கேட்டதில்லை.

அவருடைய ஈமக்காரியங்கள் முடிந்த அன்று திருச்செங்கோட்டு வீட்டில் இருந்தேன். உறவினர்கள் கிளம்பும் வேளையில் பாவாயம்மாள் உள்ளேயிருந்து ஒரு துண்டு முடிச்சைக் கொண்டுவந்தார். கணவர் கடைசிப் பயணத்தில் வாங்கி வந்த கார்; மேச்சேரிக்குக் கொண்டுபோக நேரம் வாய்க்கவில்லை. நாச்சிமுத்து அவர்கள் உயிலோ வேறு எழுத்தோ வைத்துப் போகவில்லை. உறவினர் ஒருவர் என்னிடம் திரும்பி, "இது யாருக்குங்க சேரோணும், வக்கீலுங்க சொல்லோணும்" என்றார்.

அத்தியப்பன் அவர்கள் தலைகுனிந்து நின்றார், கை நீட்டவில்லை. என்னைக் கேட்டால் சட்டத்தைத்தான் சொல்ல முடியும். "இது அம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது" என்றேன்.

"சட்டம் அப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க" என்றார் பாவாயம்மாள். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, "இதுக்கு அங்க எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அத்தியப்பன் அவர்கள் முடிச்சை அவிழ்த்தார். மட்கார்டை விரலால் தடவினார். விளக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சாய்த்துப் பார்த்தார். அவருக்கு வருசம் சொல்லிக் கொடுப்பவர் அங்கே இல்லை. "இருக்குதுங்க அண்ணி. நடுவுல ரெண்டு வண்டியைத் தள்ளி நிறுத்துனா, சரியா உக்காந்துக்கும்" என்றார்.

மறுவாரம் மேச்சேரிக்குப் போய்ப் பார்த்தேன். அது அதற்குரிய இடத்தில் நிற்கிறது. எனக்குத் தெரிந்தவரை ஆண்டு பிசகவில்லை. நாச்சிமுத்து அவர்களே, வரிசை முழுதாக இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் புறப்படலாம்.